கம்பியில் குத்திய சீட்டு

அத்தியாயம் 11

போன வாரம் நம்ம டூட்டி அக்காவைக் கையில் ஒரு கவரோடு சமையலறையில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஏழு நாளாக நிற்கிறாள். கவருக்குள் இருந்தது பதவி உயர்வு. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் அக்காவுக்கு அன்றைக்கு இரண்டு வாய் சாப்பாடு இறங்கவில்லை.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அக்காவுக்கு பஸ் டிப்போவில் வேலை. நாளைக்கு எந்த வண்டியை எந்த டிரைவர் எந்த ரூட்டில் எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று எழுதுகிற டூட்டி ரூமுக்கு அவள்தான் தலைவி. பத்தொன்பது வருஷமாக அவளும் இன்னும் மூன்று பேரும் அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய அந்தச் சார்ட்டை, பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் வந்த ஒரு கம்ப்யூட்டர் மூன்றே நிமிஷத்தில் போட்டுவிடுகிறது. டிப்போவில் அதை எல்லாரும் ‘மெஷின்’ என்றுதான் சொல்வார்கள்.

வெள்ளோட்டம் இன்றோடு முடிகிறது. மூன்று மணிக்கு மண்டல மேலாளர் வருகிறார். “மெஷினில் குறை ஏதும் இல்லை” என்ற கடைசி அறிக்கையில் அக்கா கையெழுத்துப் போட்டால், மற்ற ஒன்பது டிப்போவிலும் அதைக் கொண்டுபோய் வைக்கிற குழுவுக்கு அவள்தான் தலைவி. டூட்டி ரூமுக்குப் பூட்டு. உள்ளே இருக்கும் மூன்று பேருக்கு என்ன வழி என்பது கவரில் இல்லை. அக்கா விசாரித்ததில் ஒருவருக்கு டிக்கெட் கவுண்டர், ஒருவருக்கு குடோன், மூன்றாமவருக்கு ‘பார்க்கலாம்’ என்று பதில் வந்தது.

அது ஆபீஸ் கதை. வீட்டுக் கதை அதைவிடச் சூடு.

அக்காவின் வீட்டுக்காரர் இருபத்து மூன்று வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்தவர். கடைசி எட்டு வருஷம் மேனேஜர். அந்த ஆபீசை இன்னொரு ஆபீஸ் நாற்காலி மேஜையோடு விழுங்கியபோது இவரை மட்டும் துப்பிவிட்டது. நாலு மாதம் சோபாவில் கிடந்தார். ஐந்தாவது மாதம் எழுந்து போய், நாற்பத்தொன்பது வயதில், கனரக வண்டி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அக்கா டிப்போவிலேயே டிரைவர் வேலை. அங்கே எல்லாரும் அவரை இன்னும் ‘மேனேஜர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேலி பாதி, பாசம் பாதி.

கேலியே இல்லாமல் கொதித்தவர் ஒருவர்தான், அக்காவின் நாத்தனார். ரிட்டயரான ஹெட்மிஸ்ட்ரஸ். கண் ஆபரேஷனுக்காகத் தம்பி வீட்டுக்கு வந்தவர், தம்பியின் புத்திக்கும் ஒரு ஆபரேஷன் பண்ணாமல் போவதில்லை என்று தங்கிவிட்டார். “பேனா பிடிச்ச கையால ஸ்டியரிங்கா?” என்று ஆரம்பித்தால், எதிரே ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டார்.

இன்றைக்கு மேனேஜர் முதல்முறையாகத் தனியாக வண்டி எடுக்கிறார்.

காலை ஐந்து மணிக்கே ஷூவுக்கு மூன்றாவது தடவை பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். சட்டையைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு அக்கா அவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். அதற்குக் காரணம் இருந்தது.

வேலையில் சேர்ந்த அன்றே அவர் ஒரு சத்தியம் வாங்கியிருந்தார். தன் டூட்டி விஷயத்தில் அவள் கை வைக்கக் கூடாது, பெண்டாட்டி தயவில் ஓட்டுகிறான் என்று ஒருத்தன் சொல்லிவிடக் கூடாது. அக்காவும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். நேற்று சாயங்காலம் மெஷின் அவருக்கு இருபத்தேழாம் நம்பரைப் போட்டது. இருபத்தேழு மலைக்குப் போகிற வண்டி. ஏழு வளைவு. நாலாவது வளைவில் பழைய டிரைவர்களே மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அக்கா சார்ட்டை இரண்டு தடவை பார்த்தாள். சத்தியம் காற்றில் போனது. மலை ரூட்டில் பழகிய டிரைவர் மீசைக்காரருக்கு ஒரு போன் போட்டாள். அவர் மலைக்கு, மேனேஜர் ஒன்பதாம் நம்பருக்கு என்று மாற்றிவிட்டாள். ஒன்பது மேடு பள்ளம் இல்லாத நேர் ரோடு. மார்க்கெட், ஆஸ்பத்திரி, திரும்ப டிப்போ.

மாற்றியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கம்பியில் குத்தினாள். அது அந்த அறையின் பழக்கம். மரக்கட்டையில் நிமிர்ந்து நிற்கிற கூரான கம்பி, மேஜைக்கு ஒன்று. போனில் எதை மாற்றினாலும் சீட்டு எழுதிக் குத்திவிட வேண்டும். மெஷின் வந்த பிறகும் கை அதைச் செய்துகொண்டேதான் இருந்தது.

மெஷின் தப்பே செய்யாது என்றில்லை. அடித்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வரை போன டிரைவரையும் கண்டக்டரையும் ஒரே வண்டியில் ஏற்றும். செவ்வாய்க்கிழமை மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவருக்கு செவ்வாய்க்கிழமையே சாயங்கால டூட்டி போடும். நாலு பேரும் பார்ப்பார்கள், தலையில் அடித்துக்கொள்வார்கள், போனை எடுத்துச் சரிசெய்வார்கள். ‘கண்ட குறைகள்’ என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒன்றும் எழுத மாட்டார்கள். தப்பு அறையை விட்டு வெளியே போனால்தானே தப்பு? உள்ளேயே சரியாகிவிட்டதை எழுதி வைப்பது, கழுவின பாத்திரத்தை எடுத்து ஊருக்குக் காட்டுவது மாதிரி அவர்களுக்குக் கூச்சம். வெள்ளிக்கிழமைதோறும் அக்கா ‘குறை ஏதும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பன்னிரண்டு வெள்ளிக்கிழமை.

மேனேஜர் டிப்போவுக்குப் போய்ப் பலகையில் ஒன்பது என்று பார்த்ததும் கொஞ்சம் ஏமாந்தார், நிறைய நிம்மதியடைந்தார். ஆறு மணிக்கு வண்டியை எடுத்தார்.

மூன்றாவது நிறுத்தத்தில் ஏறிய பயணியைப் பார்த்ததும் அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். ஆபரேஷனுக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடி, கக்கத்தில் குடை. வீட்டில் “சாப்பிட்டுட்டுப் போ” என்பதைத் தவிர ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்ட நாத்தனார்தான், எந்த ரூட் என்று யாரிடம் கேட்டு வைத்தாரோ. தம்பியை யாரென்றே தெரியாத மாதிரி கடந்து போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். கண்டக்டரிடம் கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் கேட்டார். கடைசி நிறுத்தம் வந்தது, இறங்கவில்லை. திரும்ப டிக்கெட் எடுத்தார். இப்படி மூன்று நடை. பரீட்சை ஹாலில் ரோந்து போய்ப் பழகிய அந்த முகத்தைத் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே மேனேஜர் ஓட்டினார்.

மூன்றாவது நடை முடிந்ததும் நாத்தனார் முன்னால் வந்தார். முதலில் பிரேக்கைப் பற்றிக் குறை சொன்னார், முன் சீட்டுக்காரர்களுக்கு மூக்கு உடையுமாம். அப்புறம் குடையை ஊன்றிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

“ஆஸ்பத்திரி ஸ்டாப்புல ஒரு பொண்ணு குழந்தையைத் தூக்கிட்டு ஓடி வந்தா. நின்னு ஏத்திக்கிட்டே. அந்த ஆபீஸ்ல இருபத்து மூணு வருஷம் இருந்தியேடா, யாருக்காவது நின்னிருக்கியா?”

மேனேஜர் சிரித்தபடி திரும்பினார். அதற்குள் நாத்தனார் இறங்கிப் போய்விட்டார்.

அந்தச் சந்தோஷம் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. டீ குடிக்கிற இடத்தில் மீசைக்காரர் மலையிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷன். கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், கொடுத்து வைத்தவர் சார் நீங்கள், மெஷின் உங்களுக்கு மலையைப் போட்டிருந்தது, அக்காதான் நேற்று சாயங்காலம் போன் பண்ணி என்னிடம் மாற்றிவிட்டார்கள் என்று போட்டு உடைத்தார்.

பன்னிரண்டு மணிக்கு டூட்டி ரூம் ஜன்னலில் மேனேஜர் தலை தெரிந்தது. மதியச் சாப்பாட்டு டப்பா அக்காவிடம்தான் இருக்கும், அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று அவள் எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“என் டூட்டியை மாத்தினியா?”

“எந்த டூட்டி?” என்றாள் அக்கா. பொய் சொல்வதில் அவள் இன்னும் ஒன்றாம் வகுப்பு தாண்டவில்லை.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“மலையில ஆறு தடவை ட்ரெயினரோட ஓட்டியிருக்கேன். இவன் போகலாம்னு அவர் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார். மெஷின் அதைப் பார்த்துத்தான் எனக்கு மலையைப் போட்டிருக்கு. அதுக்கு இருக்கற நம்பிக்கை உனக்கு இல்லையா?”

“பயமா இருந்துச்சுங்க.”

“எனக்கும்தான் பயம். ஆனா நீ இப்படி மறைச்சு மறைச்சு சரிபண்ணிட்டே இருந்தா, எனக்கு ஓட்டத் தெரியுமா தெரியாதான்னு கடைசிவரைக்கும் எனக்கே தெரியாது.”

சொல்லிவிட்டு நடந்தார். பத்தடி போனவர் திரும்பி வந்து டப்பாவை வாங்கிக்கொண்டு போனார். கோபம் வேறு, பசி வேறு.

அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. பார்வை மேஜைக்கு வந்தது. கம்பி. அதில் நுனிவரை சீட்டுகள். பக்கத்து மேஜையில் இன்னொரு கம்பி, அதற்கு அடுத்து இன்னொன்று. எல்லாமே மறைத்து மறைத்துச் சரிசெய்தது. மெஷினுக்கு நூற்றுக்கு நூறு மார்க் போட்டது மெஷின் இல்லை, இந்த அறைதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அறையில் இருந்த மூன்று பேரையும் கூப்பிட்டாள். உயரத்தால் பேர் வாங்கிய நெட்டை, அவர் தோளுக்குக்கூட வராத ஐம்பத்தைந்து வயதுப் பொடிசு அம்மா, விடாமல் பேசுவதால் ரேடியோ. கதவைச் சாத்திவிட்டு எல்லாச் சீட்டையும் கம்பியிலிருந்து உருவச் சொன்னாள். பன்னிரண்டு வாரத்தில் நானூற்று முப்பத்தெட்டுச் சீட்டு. ஒவ்வொன்றாகப் படித்துப் பிரித்தார்கள். மெஷின் நிஜமாகவே தப்பாகப் போட்டதையெல்லாம் முதல் கம்பியில் குத்தினார்கள். அதுதான் பெரிய கட்டு.

ஆனால் பிரிக்கப் பிரிக்க வேறு ஒன்றும் தெரிந்தது. மெஷின் சரியாகத்தான் போட்டிருக்கும், இவர்கள்தான் மாற்றியிருப்பார்கள். நெட்டை தன் சிநேகிதன் ஒருவனுக்கு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் லீவு வருகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிச் செய்கிறோம் என்று அவருக்கே தெரியாது, சீட்டுகளை வரிசையாகப் பார்த்ததும் காதெல்லாம் சிவந்துபோனார். பொடிசு அம்மா தன்னிடம் சிரித்துப் பேசுகிறவர்களுக்கெல்லாம் காலை டூட்டி கொடுத்திருந்தார். அதெல்லாம் இரண்டாவது கம்பிக்குப் போனது. ஏன் மாற்றினோம் என்று யாருக்குமே நினைவில்லாதவை மூன்றாவது கம்பியில். இரண்டாவது கம்பியின் உச்சியில் அக்கா தன் நேற்றையச் சீட்டைத் தன் கையாலேயே குத்தினாள். ரேடியோ அரை மணி நேரமாக வாயைத் திறக்கவில்லை.

திறந்தபோது கேட்டார், இதை மேலாளரிடம் காட்டினால் நம் தலையில் நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வது ஆகாதா என்று. நியாயமான கேள்வி. அக்காவுக்கும் அந்தப் பயம் இருந்தது, அவள் அதை ஒளிக்கவில்லை.

“மூணு மணிக்கு நான் கையெழுத்துப் போட்டா எனக்கு வேலை இருக்கு, உங்களுக்கு இல்லை. போடாம இதைக் காட்டினா நாலு பேருக்கும் என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. நல்லபடியா முடியும்னு சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன். உங்களைக் கேக்காம இதை எடுத்துட்டும் போக மாட்டேன்.”

 ரேடியோ சுவரைப் பார்த்தார். பிறகு பொடிசு அம்மா, தன் தப்பெல்லாம் குத்தியிருந்த அந்த இரண்டாவது கம்பியை எடுத்து அக்கா பக்கம் நகர்த்தினார். இதை முதலில் காட்டு, மற்றதை அப்புறம் காட்டு, அப்போதுதான் நம்புவார்கள் என்றார். அக்காவுக்கு அந்த நிமிஷம் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொண்டாள்.

மண்டல மேலாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். வில்லன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மடிப்புக் கலையாத சட்டை போட்ட, அவருக்கும் மேலே நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டிய சாதாரண மனுஷன். அறிக்கையை எடுத்து வைத்து, பேனாவைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார். அக்கா மூன்று கம்பியையும் மேஜைமேல் வரிசையாக வைத்தாள். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொன்னாள். இரண்டாவது கம்பியிலிருந்துதான் ஆரம்பித்தாள்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முகம் மட்டும் இறுகிக்கொண்டே போனது.

“அப்ப பன்னிரண்டு வாரமா பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“ஆமா சார். பொய்னு தெரியாம போட்டது. இன்னிக்குத் தெரிஞ்சு போடச் சொல்றீங்க, அதான் கை வரலை.”

மெஷின் வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்டார். அக்கா வேகமாக இல்லை என்று தலையாட்டினாள். கட்டாயம் வேண்டும் என்றாள். நாங்கள் அரை நாள் செய்ததை அது மூன்று நிமிஷத்தில் செய்கிறது, யாருக்கும் பாரபட்சம் பார்ப்பதில்லை, அது இந்த இரண்டாவது கம்பியைப் பார்த்தாலே தெரியும் என்றாள். முதல் கம்பியில் இருப்பதை அதற்குச் சொல்லிக்கொடுக்க இந்த மூன்று பேரை விட்டால் ஆள் கிடையாது. இன்னும் ஒரு மாதம் வேண்டும், எதை மாற்றினாலும் காரணத்தோடு வாசலில் இருக்கிற பலகையில் எழுதிவிட்டுத்தான் மாற்றுவோம், டிரைவர்களும் படிக்கட்டும் என்றாள். பிறகு கொஞ்சம் நின்று, மனதில் இருந்ததைச் சொன்னாள்.

“நானூத்து முப்பத்தெட்டுல எது மெஷினோட தப்பு, எது எங்க பிரியம்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்கே தெரியாது சார். இதோட போய் ஒன்பது டிப்போவுக்கு நான் என்னத்தைச் சொல்லிக் குடுப்பேன்?”

மேலாளர் இரண்டாவது கம்பியின் உச்சியில் இருந்த சீட்டை உருவினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இருபத்தேழிலிருந்து ஒன்பதுக்கு, புது டிரைவர். காரணம் எழுதவில்லையே என்றார்.

“காரணம் பயம் சார். அவர் என் வீட்டுக்காரர்.”

மேலாளர் சீட்டை மேஜைமேல் வைத்தார். நாளைக்கு இவருக்கு எங்கே டூட்டி என்று கேட்டார். அக்கா இன்னும் பார்க்கவில்லை. நெட்டை கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். இருபத்தேழு, முதல் நடை, காலை ஆறு பத்து.

“மாத்தப் போறீங்களா?”

அக்காவின் கை ஒருமுறை போன் இருக்கிற பக்கம் போய் வந்தது. “இல்லை சார்,” என்றாள்.

“அப்ப நானும் அந்த வண்டியில வரேன். போகும்போது மத்த சீட்டையெல்லாம் நீங்க எனக்கு விளக்குங்க. என் முடிவை இறங்கினதுக்கு அப்புறம் சொல்றேன்.”

பேனாவை மூடினார். எழுந்தவர் கையை நீட்டி, அந்தப் பதவி உயர்வுக் கவரைத் திரும்பக் கேட்டார். இப்போதைக்கு அது தன்னிடமே இருக்கட்டும் என்றார். அக்கா எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது வலித்தது, இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்க் கையெழுத்து.

சாயங்காலம் வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்ததும் அக்கா எதையும் விடாமல் சொன்னாள். மத்தியானத்துக் கோபத்தைப் பத்திரமாக வீடுவரை கொண்டு வந்திருந்த மேனேஜர், தன்னைப் பற்றிய சீட்டை மேலாளர் உருவிய இடம் வந்ததும் அந்தக் கோபத்தை எங்கே வைத்தோம் என்று மறந்துவிட்டார். கவரைத் திருப்பிக் கொடுத்த இடத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நாளைக்கு மேலாளர் தன் வண்டியில் வருகிறார் என்று கேட்டதும் பிடி இறுகியது. பயத்தினால்தான்.

நாத்தனார் நிதானமாகக் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்தார்.

“நானும் வரேன். அந்த ஆபீசர் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். நாலாவது வளைவுல அவர் கண்ணை மூடறாரான்னு யாராவது பாத்துச் சொல்லணுமில்ல?”

“நீங்க கண்ணை மூட மாட்டீங்களா அண்ணி?” என்றாள் அக்கா.

“எனக்குத்தான் கண்ணாடி இருக்கே, மூடினா யாருக்குத் தெரியும்?”

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

சாப்பிட்டு எழுந்தபோது, கல்யாணமான நாளிலிருந்து சொல்கிற அதே குரலில் மேனேஜர் சொன்னார், “நாலரைக்கு எழுப்பி விட்டுடு.”

அக்கா அவரைப் பார்த்தாள். “அலாரம் வச்சுக்கோங்க.”

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, போனை எடுத்து மூக்குக்கு அருகில் வைத்து, ஒரு விரலால் குத்திக் குத்தி அலாரம் வைத்தார். மேஜைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அக்கா தட்டை எடுக்கக் குனிந்தவள் போனைப் பார்த்தாள். நாலரைதான். ஆனால் சாயங்காலம் நாலரை.

அவள் விரல் பழக்கத்தில் போனுக்குப் போனது. ஒரு தட்டு தட்டினால் காலை நாலரை ஆகிவிடும், அவருக்குத் தெரியவே தெரியாது. நாத்தனார் கறுப்புக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா விரலை மடக்கிக்கொண்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வரும்வரை தட்டோடு அங்கேயே நின்றாள்.

“ஏங்க, அது சாயங்காலம் நாலரை. பாருங்க.”

அவர் பார்த்தார். தானே மாற்றினார்.